முதல் குழாயை எறியச் சொன்னவர்

அக்கா ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது ஒரே ஒரு தரம்தான். அந்தப் பாராட்டு எனக்குத்தான் கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவருக்குப் பெயர் இருந்தது, நல்ல பெயர்தான். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தில் அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். நானோ அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மற்றவர்கள் மடாம் என்றார்கள். எங்களுக்கெல்லாம் தலைவியான பேராசிரியையும் மடாம் என்றுதான் சொன்னார், கொஞ்சம் பயத்தோடு. அக்கா இறந்து இரண்டு பனிக்காலம் போய்விட்டது. ஈரல் புற்றுநோயில் இறந்தார். ஈரல் புற்றுநோய் உடம்பில் எப்படிப் பரவுகிறது என்று பத்தொன்பது வருடம் மொன்றியலில் குந்தியிருந்து பார்த்தவர். கடவுளுக்கும் நக்கல் கூடத்தான்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரலில் கட்டி வந்தவரின் இரத்தத்தில், கட்டியிலிருந்து கழன்ற உயிர்க்கலங்கள் சில சுற்றிக்கொண்டு திரியும். கோடிக்கணக்கான இரத்தக் கலங்களுக்கு நடுவில் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றில் அநேகமானவை வழியிலேயே செத்துப்போகும். ஒன்றிரண்டு மட்டும் நுரையீரலிலோ எலும்பிலோ போய்க் குந்தி, அங்கே பெருகத் தொடங்கும். எது குந்தும், ஏன் குந்தும் என்பது பேராசிரியையின் கேள்வி. எங்கள் பங்கு அவ்வளவு பெரியதல்ல. இரத்தத்தை வடித்து, மிஞ்சியதற்குச் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து எண்ணுவோம். பச்சையாக மினுங்கினால் சந்தேகத்துக்குரியது. ஆனால் பச்சையாக மினுங்குவதெல்லாம் புற்றுக் கலம் அல்ல, அங்கேதான் தொல்லை.

ஊசி கையில் குத்தும்போது தோலில் ஒரு துணுக்கையும் கிள்ளிக்கொண்டு உள்ளே போகும். அந்தத் தோல் கலமும் எங்கள் சாயத்தில் பச்சையாகவே மினுங்கும். ஆகவே முதல் குழாயில் வரும் இரத்தத்தை எறிந்துவிட்டு, இரண்டாவது குழாயைத்தான் எண்ண எடுப்போம். மற்றவர்களுக்கு இது வேலையிடத்து விதி. மாலையில் வெள்ளை அங்கியைக் கழற்றும்போது விதியையும் சேர்த்துக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா அதை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

யாருடைய மகள் யாரோடு போய்விட்டாள் என்று ஒரு கதை வந்தால், "உது முதல் குழாய் தம்பி, எறியும்" என்பார். இன்னொருவர் வந்து அதையே சொல்லும்வரை அந்தக் கதை அவருக்கு நடக்காத கதை. கோயில் நிருவாகத்தில் பிளவு வந்து இரண்டு பகுதியாரும் கையெழுத்துக் கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, இருவரையும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, அடுத்த கிழமை வந்து இதே கதையை ஒரு சொல் மாறாமல் சொல்லுங்கோ, போடுகிறேன் என்று அனுப்பிவிட்டாராம். இரண்டு பகுதியும் திரும்பி வரவில்லை. கடையில் பாலெடுத்தால் முன்வரிசையில் இருப்பதை எடுக்கமாட்டார். காலநிலை அறிவிப்பில் பனிப்புயல் என்றால் மற்றச் சானலுக்கு மாற்றிப் பார்ப்பார், அதற்குள் வெளியே புயல் தொடங்கியிருக்கும்.

அவருடைய கணவர் டோர்வலில் விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவர், சாதுவான மனுசன். பியர்பொன்ட்ஸில் அவர்கள் வீட்டுப் பின்வளவில் கோழி வாட்டிக்கொண்டு நின்ற ஒரு நாளில் அவரே எனக்குச் சொன்னார், தான் முதல் தரம் விருப்பத்தைச் சொன்னதை அக்கா கணக்கில் எடுக்கவேயில்லை என்று. இரண்டாம் தரம் சொல்லத் துணிவு வரப் பதினொரு மாதம் எடுத்ததாம். அக்கா அந்தப் பதினொரு மாதமும் காத்திருந்திருக்கிறார். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஆய்வுகூடத்தில் அவருடைய புகழுக்குக் காரணம் ஒரு கேக். மேற்படிப்புக்கு வந்த மாணவன் ஒருவன் ஒரு நோயாளியின் இரத்தத்தில் கலங்களைக் கொத்துக் கொத்தாகக் கண்டுபிடித்தான். யாரும் காணாத எண்ணிக்கை. பேராசிரியையின் முகம் மலர்ந்தது. கேக் வாங்கி வெட்டினார்கள். அக்காவும் ஒரு துண்டு வாங்கி, கரண்டியால் ஆறுதலாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய், கீழ்த்தளத்தில் இரத்தம் எடுக்கும் தாதியிடம் விசாரித்தார். மாணவன் அவசரத்தில் எறியவேண்டிய குழாயை எடுத்து வந்திருந்தான். அவன் கண்டுபிடித்தது அந்த நோயாளிக்குத் தோல் இருக்கிறது என்பதை. கேக் வெட்ட முதலே இதைச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு நான் கேட்டேன். "கேக் என்ன பிழை செய்தது?" என்றார்.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார், மகளின் பிறந்தநாளுக்கு. வந்ததும் குசினிக்குள் போய், இந்தக் கத்தியால் முதலில் என்ன வெட்டியது என்று என் மனைவியிடம் கேட்டார். மனைவி மட்டக்களப்பு, நானும்தான். யாழ்ப்பாணத்தார் ஒருவர் தன் குசினியில் கத்தியை விசாரிப்பதை அவளால் எப்படிப் பொறுக்கமுடியும்? ஆனால் அக்கா கத்தியைத் தானே கழுவினார், பலகையையும் கழுவினார், ஐந்து கிலோ வெங்காயத்தையும் தானே வெட்டி முடித்தார். போகும்போது மனைவி அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்குக் கறி மிஞ்சவில்லை.

அக்காவுக்கு வருத்தம் என்று சனத்துக்குத் தெரிந்தது சத்திரசிகிச்சை நடந்த பிறகுதான். அதுவும் சரியாகத் தெரியாது. பித்தப்பையில் கல் என்று சொல்லிவைத்திருந்தார். ஏன் இந்தப் பொய் என்று கேட்டேன். "ஈரல் எண்டு சொன்னால் சனம் போத்திலைத்தான் தேடும் தம்பி" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுசி. குடிக்காதவர்களுக்கும் சீனி வியாதியாலும் கொழுப்பாலும் ஈரல் பழுதாகும் என்று பத்து வருடமாக எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொன்னவர். சொன்னது யார் காதிலும் ஏறவில்லை என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கல் என்றதும் சனம் கல்லைக் கரைக்கக் கிளம்பிவிட்டது. எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் ஆளுக்கு ஆள் வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருடைய குளிர்பெட்டி நிறைய உறைந்த வாழைத்தண்டு கிடந்தது. பாதியை நான் லொங்குய்யில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சுண்டல் போட்டுச் சாப்பிட்டேன்.

ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தபின் நான்கு வருடம் இருந்தார். அதில் மூன்று வருடம் வேலைக்கும் வந்தார். நேரத்தோடு கண்டுபிடித்ததால் கிடைத்த நான்கு வருடம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் இனி நான் சொல்லவேண்டியது. அதில் எனக்குப் பெருமையில்லை.

நான் அந்த வேலைக்குப் போனபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. ஊரில் ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். இங்கே வந்து ஒன்பது வருடம் டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினேன். கோழியா பாஸ்தாவா என்று பயணிகள் யோசிப்பதற்கு முதலே அதை யோசித்து அடுக்கியவன் நான். இடையில் பிரெஞ்சு படித்து, பிறகு திரும்பவும் ஆய்வுகூடப் படிப்புப் படித்து, ஒருவழியாக வெள்ளை அங்கி போட்டேன். ஆறு மாதம் பரீட்சார்த்த காலம். அதன் முடிவில் அக்கா சரி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் தட்டு. வீட்டுக்கடன் எடுத்திருந்தோம், மகள் பள்ளிக்கூடம் மாறியிருந்தாள், மனைவி ஊருக்கெல்லாம் போன் எடுத்து அவர் இப்ப புற்றுநோய் ஆராய்ச்சியில் என்று சொல்லியும்விட்டாள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாரம்.

நோயாளிகளின் இரத்தம் ஒவ்வொரு முறை வரும்போதும் அதோடு ஒரு சுகதேகியின் இரத்தத்தையும் வைத்து அதே வேலையைச் செய்யவேண்டும். பிரெஞ்சில் அதற்குச் சாட்சி என்று பேர். சாட்சிக் குழாயில் பச்சை மினுங்கக்கூடாது. எண்ணிக்கை பூச்சியமாக வரவேண்டும். பூச்சியம் வராவிட்டால் யாரோ ஒருவரின் கை அசுத்தம், சாயம் பழுது, அல்லது கண்ணாடி பழுது என்று பொருள். அன்றைய வேலை முழுவதையும் எறிய வேண்டியதுதான்.

சுகதேகிக்கு எங்கே போவது? எல்லா இடத்திலும் போல ஆய்வுகூடத்து ஆட்களே கையை நீட்டுவார்கள். எங்கள் இடத்தில் அந்தக் கை பல வருடமாக அக்காவின் கை. வேறு யாருடைய இரத்தத்தையும் அவர் நம்பவில்லை. மாணவர்கள் குடிக்கிறார்கள், பேராசிரியை நித்திரை கொள்வதில்லை, கணவர் இறைச்சிப் பிரியர். "என்ரை ரத்தம் பச்சைத் தண்ணி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு செவ்வாயில் கீழ்த்தளத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். வருடக்கணக்காகப் பூச்சியம். எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சுகதேகிகள் என்று எழுதியிருக்கும் இடத்தில் பாதிப்பேர் அக்காதான்.

நான் சேர்ந்து மூன்றாம் மாதம் சாட்சிக் குழாயில் இரண்டு மினுங்கின.

நான் முதல் குழாயை எடுத்துவந்துவிட்டேன் என்று அக்கா முடிவெடுத்தார். இரண்டாவதைத்தான் கொடுத்தேன் என்றாள் தாதி. அடுத்த தடவை அக்கா தானே குழாய்களைக் கையில் கொண்டுவந்து தந்தார். மூன்று மினுங்கின. குறிப்புப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே "கை?" என்று தமிழில் எழுதினார். மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று செய்த மரியாதை அது. எனக்கு விளங்கியதே போதுமானதாக இருந்தது.

பிறகு தொடங்கியது என்னைச் சுத்தப்படுத்தும் படலம். இரண்டு மாதம் நடந்தது, மினுங்கல் நிற்கவில்லை, புத்தகத்தில் கேள்விக்குறிதான் கூடியது. முழங்கைவரை மூன்று தரம் கழுவச் சொன்னார். இரண்டு சோடி கையுறை போடச் சொன்னார். மத்தியானம் மீன் சாப்பிடக்கூடாது என்றார். விஞ்ஞானத்தில் அதற்கு என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் தெரியாது. கடைசியில் என் மீசையைக் கொஞ்சநேரம் பார்த்தார். இருபது வருட மீசை. கலியாணப் படத்தில் முகத்தைவிட அதுதான் தெரியும். "தம்பி, உதிலையிருந்தும் கொட்டுப்படலாம்" என்றார். அன்று மாலை எடுத்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் தாயிடம் ஏதோ கேட்டாள். இருவரும் படுக்கையில் விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த செவ்வாய் நான்கு மினுங்கின. மீசை நிரபராதி.

பேராசிரியை என்னைக் கூப்பிட்டு, மாத முடிவுக்குள் இது சரிவராவிட்டால் மடாமின் சொல்லைத்தான் தான் கேட்கவேண்டி வரும் என்று மிக இனிமையாகச் சொன்னார். எனக்குத் தட்டுகளின் சத்தம் காதில் கேட்டது. பயத்தில் ஒரு துணிச்சல் வந்தது. அக்காவிடம் போய், "ஒருக்கா என்ட ரத்தத்த வெச்சுப் பாப்பமா அக்கா?" என்றேன். அவர் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுக்காமலே, என் இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். சனிக்கிழமைகளில் நான் இரண்டு பியர் குடிப்பது அவருக்குத் தெரியும். நான் போய்த் திரும்பவும் கையைக் கழுவினேன். அவர் இரத்தம் என்பதால் அது பிழையாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, பேராசிரியைக்கும் தோன்றவில்லை. அவ்வளவு படித்த மனுசி.

ஆனால் நான் கேட்டதை அக்கா எறிந்துவிடவில்லை. அந்தக் கிழமை என்னையும் பேராசிரியையையும் கீழே கூட்டிப்போய் இரத்தம் எடுப்பித்தார், வழக்கம்போலத் தானும் கையை நீட்டினார். இது எனக்கு வைக்கும் கடைசிச் சோதனை என்றார். எதையெதையோ பிரித்து, பாதியைத் தானே தனியாக நின்று செய்தார், பாதியை என்னிடம் தந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்து கண்ணாடித் தகடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எதிலும் பெயரில்லை, ஒன்று முதல் ஐந்துவரை இலக்கம் மட்டும் இருந்தது. யாருடையது என்று நினைக்காமல் எண்ணும் என்று சொல்லிவிட்டு, இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தகட்டையும் இரண்டு தரம் பார்த்தேன், இடையில் கண்ணை மூடி இருந்தேன். முதலாவது பூச்சியம். இரண்டாவது பூச்சியம். மூன்றாவதில் ஐந்து. நான்காவது பூச்சியம். ஐந்தாவதில் திரும்பவும் ஐந்து. எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா என் தாளை வாங்கினார். அங்கிப் பையிலிருந்து, தான் முதலே எண்ணி எழுதியிருந்த தாளை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வரிசை இலக்கத்தைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு இரண்டையும் ஒன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உம்மடை கை சுத்தம், தம்பி" என்றார். "நல்ல சுத்தம்."

அவருடைய பத்தொன்பது வருட வேலையில் அப்படி ஒரு சொல்லை வேறு யாரும் அவரிடமிருந்து வாங்கியதில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த கேள்விக்குறி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டினார். பேராசிரியைக்கு இன்றைக்கே எழுதுகிறேன் என்றும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொன்னேன், குனிந்து காலைத் தொடாத குறை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் ஞாபகம்.

மெட்ரோவில் சிரித்துக்கொண்டே போனேன். மஞ்சள் பாதையில் ரயில் ஆற்றுக்கு அடியால் போகும்போது கண்ணாடியில் என் மீசையில்லாத முகம் தெரிந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது. லொங்குய்யில் இறங்கிக் கேக் வாங்கினேன், சொக்லேட் கேக், பெரியது. வீட்டில் எல்லாரையும் மேசையில் இருத்தி, வேலை நிரந்தரம், அக்காவே தன் வாயால் கை சுத்தம் என்று சொன்னார், எல்லா வெள்ளிக்கிழமையும் இப்படி இருக்கக்கூடாதா என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். மகள் கை தட்டினாள். மனைவி கேக்கை வெட்டி என் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப பிழை ஆரிட்ட?"

வாய்க்குள் கேக். எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கை சுத்தம், சாயம் சுத்தம், கண்ணாடி சுத்தம். அவரே தனியாக நின்று செய்த தகட்டிலும் ஐந்து, நான் செய்த தகட்டிலும் ஐந்து, இரண்டும் ஒரே ஆளின் இரத்தம். பூச்சியம் வந்த மூன்று தகடும் என்னுடையதும் பேராசிரியையினதும். மிஞ்சியது யார்? இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்றவர். நான் எண்ணி எழுதியது அவருடைய ஈரல் வருத்தத்தை. அதைக் கையில் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

போன் எடுத்தேன். கணவர்தான் எடுத்து அவரிடம் கொடுத்தார். அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"விளங்கீட்டுதோ?" என்றார்.

"ஓம்."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

இரண்டு மணித்தியாலம் என்றேன்.

"எனக்கு மூண்டு மாசம் எடுத்தது" என்றார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. திங்கட்கிழமை ஸ்கான், பேராசிரியை ஒழுங்கு செய்துவிட்டார் என்றார். பிறகு, நான் வீட்டில் நல்ல சேதியைச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். சொன்னேன், கேக்கும் வாங்கினேன் என்றேன், வெட்கத்தோடு.

"அப்ப சாப்பிடும்" என்றார் அக்கா. "உம்மடை சேதி நல்ல சேதி. அதுக்குள்ளை என்ரையைக் கொண்டுவந்து கலக்காதையும்."

போனை வைத்துவிட்டார். மனைவியும் மகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்து இருந்து, தட்டில் கிடந்த துண்டை எடுத்தேன். அழுகை வந்தது, ஆனாலும் கடைசித் துணுக்குவரை சாப்பிட்டு முடித்தேன். அவர் சொன்னார் என்று மீசையையே எடுத்தவன், இதைச் செய்யமாட்டேனா?